தலை நனையக்கூடாத தோழிக்கு ஓர் ஓடை

கண்டியில் கடல் கிடையாது. எனக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டு தூத்துக்குடியில் ஆளாளுக்கு எடுத்துச் சொன்னார்கள். முகமூடி, மூச்சுக்குழாய், ரப்பர் உடுப்பு, கேமரா என்று நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் வாசலில் நின்று, "மலை ஊருக்குப் போறவ ஸ்வெட்டர் எடுப்பா, நீ என்னத்த எடுக்கிற?" என்றார். ஓடையில் இறங்கப் போகிறேன் என்றேன். "இங்க கடலையே வெச்சிக்கிட்டு அங்க போய் ஓடையிலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

நான் பல் டாக்டர். வாரம் முழுக்க ஈரமான, இருட்டான, குறுகலான இடங்களுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது பிழைப்பு. விடுமுறையில் கடலுக்கு அடியில் போய் அதையே செய்வது பொழுதுபோக்கு. சுறாவும் ஆமையும் எனக்கு வேண்டாம். விரல் நகத்தை விடச் சின்னதாக இருக்க வேண்டும், அதற்குக் கண் இருக்க வேண்டும், அந்தக் கண் என்னைப் பார்க்க வேண்டும். அதற்காகவே லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய சின்னக் கேமரா ஒன்றையும், சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்றையும், இரண்டையும் சேர்த்து வைத்துப் பூட்டத் தண்ணீர் புகாத பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டி பழசு. எடுத்த படத்தை மறுபடி போட்டுப் பார்க்கும் பொத்தான் மட்டும் அதில் எப்போதோ செத்துவிட்டது.

கண்டிக்குப் போனது வதனிக்காக. அவள் யாழ்ப்பாணத்துக்காரி. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் கணவரோடு இருக்கிறாள், வங்கியில் வேலை. நானும் அவளும் முக்குளிக்கக் கற்றுக்கொண்டது ஒரே வகுப்பில். கடலுக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது, ஒவ்வொருவருக்கும் ஓர் இணை இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் எனக்கு இணையானாள். பிறகு எத்தனையோ வருடம் திருகோணமலைக் கடலில் ஒன்றாக இறங்கினோம். நான் ஒரு பாறை இடுக்கில் தலையைக் கொடுத்துவிட்டு உலகத்தை மறந்துகிடப்பேன். காற்று குறைகிறது என்று தோளில் தட்டி நினைவுபடுத்துவது அவள் வேலை.

ஒரு முறை அவள் சளியோடு கடலில் இறங்கி, காதின் உட்பக்கம் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் இடது காது கேட்கவில்லை. இனி ஆயுளுக்கும் தலை தண்ணீருக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு டிவியில் கடல் வந்தால் அவள் சேனலை மாற்றிவிடுவாள். நான் அனுப்பிய படங்களுக்குக் கொஞ்ச நாள் "நல்லது" என்று பதில் போட்டாள். பிறகு, "குறை நினைக்காதையும், இனி அனுப்ப வேண்டாம்" என்று எழுதினாள். நான் குறை நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடலில் எனக்குக் கிடைத்த இணைகள் யாரும் நல்ல நேரத்தில் தோளைத் தட்டியதில்லை.

அப்படிப்பட்டவள் இந்த வருடம் தானாகவே ஃபோன் செய்தாள். "செல்வி, திகனைக்கு அங்காலை ஒரு ஓடை கண்டனான். தண்ணி அப்பிடித் தெளிவு. கல்லுக்குக் கீழை சின்ன இறால் ஒண்டு, வயித்திலை முட்டையோடை நிக்குது. நான் கரையிலை குந்தியிருந்து பாக்கிறன், பாக்கிறன், ஒண்டும் விளங்கேல்லை. நீர் வந்து எடுத்துக் காட்டும். அசையாத படம் வேண்டாம், அசையவேணும். மழைக்கு முந்தி வாரும்." அவள் குரலில் பழைய அவசரம் இருந்தது. அன்று மாலையே கிளினிக்கில் வாரம் முழுவதும் வரவிருந்தவர்களுக்கு வேறு நாள் கொடுத்தேன்.

குண்டசாலையில் முதல் காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். எங்கள் ஊரில் இடியப்பம் நோயாளிக்கும் விருந்தாளிக்கும் உரியது. இங்கே அதை அடுக்கடுக்காக எடுத்துச் சொதியில் ஊறவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற பிள்ளைகள் கூட நின்றபடி விழுங்குகிறார்கள். சம்பல் உறைப்பில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வதனியின் கணவர் பாவப்பட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். இவர் அதிகம் பேசாத மனிதர். "அவ இப்ப ரெண்டு கிழமையா நல்லாச் சிரிக்கிறா" என்று மட்டும், அவள் சமையலறைக்குள் போனதும், என்னிடம் சொன்னார். கிழமை என்றால் இங்கே வாரம்.

எங்களை ஓடைக்குக் கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரர் தவராஜா, கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே வந்து குடியேறியவர். அவர் பேச்சு எனக்கு மதுரைப் பேச்சு மாதிரியே கேட்டது. பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, "அக்கா, இந்தியாவுலருந்து இம்புட்டு தூரம் எறாக் குஞ்சப் பாக்கவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க தோட்டத்து ஓடையில அள்ள அள்ள வருமே. சொல்லியிருந்தா பொரிச்சே கொண்டாந்திருப்பேன்" என்றார். வதனி சிரித்த சிரிப்பில் ஆட்டோ குலுங்கியது.

ஓடை நான் நினைத்ததை விட அழகாக இருந்தது. மேலே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், கீழே இடுப்பளவு ஆழத்தில் ஒரு குட்டை, அடியில் எண்ணெய் பூசியது போன்ற கூழாங்கற்கள். தண்ணீரில் கால் வைத்ததும் பல் கிட்டியது. எங்கள் கடல் வெந்நீர் மாதிரி, இது அப்படியில்லை. வதனி கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டாள்.

இறங்கும் முன் அவள் என்னை நிறுத்தினாள். கடலுக்குள் போகும் முன் இணைகள் ஒருவர் சாமானை ஒருவர் தொட்டுச் சரிபார்ப்பது வழக்கம். முழங்கால் தண்ணீரில் நிற்கிற எனக்கு அவள் அதை முழு முறையாகச் செய்தாள். முகமூடி வாரை இழுத்துப் பார்த்தாள். பெட்டியின் பூட்டுகளை அழுத்தினாள், ரப்பர் வளையத்தில் முடி சிக்கியிருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தாள், விளக்கைப் போட்டு அணைத்தாள். இரண்டு விரலை வட்டமாகச் சேர்த்துச் சரி என்று காட்டினாள். சட்டென்று முகமூடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தைக் கவிழ்த்தேன்.

கவிழ்த்ததோடு சரி. கேமராத் திரையில் ஒரே பால் வெள்ளை. வீட்டின் ஈரக் காற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் முன் கண்ணாடியின் உட்புறம் வியர்த்துவிட்டது. கடலில் எனக்கு இப்படி ஆனதில்லை, அங்கே தண்ணீரும் சூடு. அங்கேயே திறந்து துடைக்கலாம் என்றால் கை, தலை, உடுப்பு எல்லாம் சொட்டுகிறது. எழுந்து நின்று வதனியைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். அன்று முழுக்க அவள் மறுபடி சிரிக்கவில்லை.

ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் வேண்டும். புதுச் சாமான் வாங்கும்போது டப்பாவுக்குள் கிடக்குமே, தின்னாதே என்று எழுதி, அதுதான். நான் கொண்டுபோனவை பழையவை, உறிஞ்சிச் சலித்தவை. மறுநாள் திகனைக் கடைத்தெருவில் மருந்துக்கடை, எலக்ட்ரானிக்ஸ் கடை என்று ஏறி இறங்கினோம். கடைசியில் வதனிக்குத்தான் தோன்றியது, சப்பாத்துக் கடை. இங்கே ஷூவுக்குச் சப்பாத்து என்று பேர்.

கடைக்காரர் முஸ்லிம், வெள்ளைத் தொப்பி, கல்லாவில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டதைப் புரிந்துகொள்ளவே அவருக்குச் சற்று நேரமானது. "சப்பாத்து வேணாம், சப்பாத்துக்குள்ள கெடக்குற பொட்டலம் மட்டும் வேணுமா? அல்லாஹ்வே, நாங்க அத வீசுறதுதானே!" என்றவர், உள்பக்கம் திரும்பி, "தாத்தா, அந்தப் புதுப் பெட்டியெல்லாத்தையும் ஒருக்கா தொறங்க" என்று குரல் கொடுத்தார். கிழவர் ஒருவர் வருவார் என்று நான் பார்த்திருக்க, முக்காடு போட்ட அம்மாள் ஒருவர் வந்தார். மூத்த சகோதரியை இவர்கள் இப்படித்தான் கூப்பிடுவார்களாம். அந்த அம்மாள் பெட்டி பெட்டியாகத் திறந்து பொட்டலங்களைப் பொறுக்கி என் கையில் நிரப்பினார். "என்ன வியாதிக்கு மகள் இது?" என்று பரிவோடு கேட்டார். கேமராவுக்கு வியர்க்கிறது என்றேன். அவர் வதனியைப் பார்த்த பார்வையில் என்னைப் பற்றிய கவலை தெரிந்தது.

பொட்டலங்களைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு அன்று மதியமே ஓடைக்குப் போனோம். இந்த முறை கண்ணாடி தெளிவாக இருந்தது, தண்ணீர்தான் தெளிவாக இல்லை. ஓடையில் சற்று மேலே ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. சோப்பு நுரை மிதந்து வந்தது, பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் சீப்பு வந்தது. சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். குளித்து முடித்த பெரியவர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டபடி வதனியிடம் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் நம்பவில்லை. என் விளக்கையும் ரப்பர் உடுப்பையும் மறுபடி மறுபடி பார்த்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"மாணிக்கக்கல்லு தேடுறீங்களோ எண்டு கேக்கிறார். அனுமதிப் பத்திரம் இல்லாமத் தேடினாப் பொலிஸ் பிடிக்குமாம். நல்லதுக்குத்தான் சொல்லுறாராம்."

"இறால்னு சொன்னியா?"

"சொன்னனான். இறாலெண்டாக் கூடையெல்லோ கொண்டு வரவேணும், லைற் என்னத்துக்கு எண்டு கேக்கிறார்."

பெரியவர் போகவில்லை. இருட்டும் வரைக்கும் பாறையில் உட்கார்ந்து எங்களைக் காவல் காத்தார். நானும் சோப்பு நுரை வடியும் வரை தண்ணீரில் நின்றேன். வெளிச்சம்தான் வடிந்தது. திரும்பும் வழியில் ஏற்றத்தில் தவராஜாவின் ஆட்டோ நின்றுபோனது. "வாங்க, பஸ்சுல ஏத்திவிடுறேன், நேரமாகிடும்" என்று அவரே ரோட்டை மறித்து ஒரு பஸ்சை நிறுத்தினார். சொட்டச் சொட்ட, கறுப்பு ரப்பர் உடுப்போடு, கண்டி பஸ்சில் ஏறினேன். பஸ் முழுக்க அமைதியானது. கண்டக்டர் சொன்னதை வதனி மொழிபெயர்த்தாள்: "சீற்றிலை இருக்க வேண்டாமாம். நிண்டுகொண்டே வடியட்டாம்."

அன்றிரவு மலைகளின் மேல் மின்னிக்கொண்டிருந்தது. மழை வந்தால் ஓடை தேயிலைச் சாயம்தான், தெளிய வாரக்கணக்கில் ஆகும். என் விடுமுறையோ முடியப்போகிறது. சாப்பிடும்போது வதனி, "நாளைக்குச் சரிவராட்டி விடும், பரவாயில்லை" என்றாள். பரவாயில்லை என்று சொல்கிறவள் தட்டில் சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு இதை எடுத்துக் கொடுக்காமல் நான் விமானம் ஏறினால் இனி என்னையும் டிவிக் கடலைப் போல மாற்றிவிடுவாள் என்று பயம் வந்தது. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது இறால் இல்லை. அவள் மறுபடி என்னோடு தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் குளிப்பவர்கள் வரும் முன்பே ஓடையில் இருந்தோம். வானம் இருண்டிருந்தது, தண்ணீர் மட்டும் தெளிவு. வதனி வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், இந்த முறை கேமராவின் பொத்தான்களையும் விடாமல் அழுத்திப் பார்த்தாள். நீரோட்டம் இழுத்துப் போகாமல் இருக்கக் கூழாங்கல் நிரப்பிய அரிசிப் பையை என் இடுப்பில் கட்டினாள். விரல் வட்டம் காட்டினாள். நான் குப்புறப் படுத்து, மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, கல்லுக்குக் கீழே கேமராவை நீட்டினேன்.

இறால் இருந்தது. தண்ணீரைப் போலவே நிறமில்லாத உடம்பு, உள்ளே உணவு போகும் ஒரு பச்சைக் கோடு. வயிற்றுக்கு அடியில் கால்களுக்கு நடுவே முட்டைகளைக் கட்டிப் பிடித்திருந்தது. சின்னக் கால்களால் அவற்றுக்கு ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது. லென்ஸை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். பிறக்காத பிள்ளைகள் முட்டைக்குள் இருந்தபடி என் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் நான் சத்தமாகச் சிரித்தேன், மூக்கில் ஓடை ஏறியது.

எடுத்தேன், எடுத்தேன், அப்படி எடுத்தேன். பொத்தானை அழுத்துவது, எடுப்பது, மறுபடி அழுத்தி நிறுத்துவது, கேமராவை மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு இளைப்பாறுவது, மறுபடி. எனக்கு வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடி முகமூடிக்குள் நுழையாது. அதனால் திரையில் இறால் தெரியுமே தவிர ஓரத்து எழுத்தும், படம் ஓடுகிறதென்று காட்டும் சிவப்புப் புள்ளியும் தெரியாது. அது பழக்கம்தான், கை அறிந்த வேலை. முதல் தூறல் முதுகில் விழுந்தபோது எழுந்து கட்டை விரலை உயர்த்தினேன். மேலே வருகிறேன் என்பதற்கான சைகை அது. வதனி பாறையில் எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டினாள்.

வீடு வந்து சேரும்போது மழை கொட்டியது. வதனியின் கணவர் பாண் என்கிற பிரெட்டையும் பருப்பையும் வைத்துவிட்டு டிவியில் ஒயரைச் செருகித் தந்தார். வதனி நாற்காலியை இழுத்துப்போட்டு முன்னால் உட்கார்ந்தாள், தலைமயிரைக் கூட வாரிக் கட்டியிருந்தாள். நான் முதல் படத்தைப் போட்டேன்.

திரையில் ஒரு பாறை. அதன் மேல் வதனியின் கால். பிறகு வானம், அரிசிப் பை, என் முழங்கால். டபக் என்று தண்ணீர். கல்லின் விளிம்பு வந்தது. அங்கே படம் முடிந்தது.

அடுத்ததைப் போட்டேன். மங்கலான பச்சை, என் கையுறை, குமிழ்கள். முடிந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். கரையில் அழுத்திப் பார்த்த பொத்தானால் கேமரா ஓடத் தொடங்கியிருக்கிறது. நான் இறாலுக்கு முன் அழுத்தியபோது அது நின்றிருக்கிறது. இறால் முடிந்ததென்று நிறுத்தியபோது ஓடியிருக்கிறது. எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை, எடுக்க வேண்டாதது எல்லாம் இருந்தது.

"நான்தான் அமத்தினனான்" என்றாள் வதனி மெல்லிய குரலில். இல்லை, நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்றேன். வெளியே மழை கூரையை இடித்தது. ஓடை இந்நேரம் சிவந்திருக்கும். அழுகை வந்ததை மறைக்க, மீதியையும் பார்த்துத் தொலைப்போம் என்று கடைசிப் படத்தைப் போட்டேன்.

அது நீளமானது. நான் இளைப்பாறியபோது கேமரா கயிற்றில் தொங்கி, மல்லாந்து, மேலே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது. கிட்டத்தில் இருப்பதை மட்டும் பார்க்கிற லென்ஸ், அதனால் எதுவும் தெளிவில்லை. வெளிச்சம் வட்ட வட்டமாக உடைந்து சேர்ந்தது. தண்ணீரின் அடிப்பக்கம், ஒரு வெள்ளித் தகடு நெளிகிற மாதிரி, மேலே நெளிந்தது. கல்லோடு கல் உரசும் சத்தம். ஊடே என் மூச்சுக்குழாய், இழுப்பதும் விடுவதும். குப்பை என்று சொல்லி நிறுத்தக் கையை நீட்டினேன்.

"விடும்" என்றாள் வதனி. என் கையைப் பிடித்தே விட்டாள். "செல்வி, விடும். தொடாதையும்."

நாற்காலியை டிவிக்குக் கிட்ட இழுத்தாள். கேட்கிற வலது காதைத் திரைப் பக்கமாகத் திருப்பினாள். "சத்தத்தைக் கூட்டும்" என்றாள். கூட்டினேன். மழையை மீறிக்கொண்டு ஓடை வீட்டுக்குள் வந்தது.

"இறாலைக் கரையிலை இருந்து பாக்கலாம். இதைப் பாக்க ஏலாது" என்றாள். கொஞ்சம் கழித்து, "உம்மட மூச்சு" என்றாள். "திருகோணமலையிலை தண்ணி கலங்கினா நான் இதைக் கேட்டுத்தான் உம்மைப் பிடிக்கிறனான். கண்ணுக்கு நீர் தெரியவே மாட்டீர்." எனக்கு இது தெரியாது. எப்படியோ ஒவ்வொரு முறையும் தோளைத் தட்டினாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் கணவர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார். திரையில் வெளிச்சம் உடைந்து சேர்ந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில்தான் கவனித்தேன், வதனியின் தோள்கள் அந்த மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கின. உள்ளே மெதுவாக, வெளியே நீளமாக, அடுத்ததற்கு முன் ஒரு சின்ன இடைவெளி. நிலத்தில் இருக்கிறவர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை.

டிக் என்று ஒரு சத்தம். நான் மறுபடி இறாலைக் கண்டு பொத்தானை அழுத்திய இடம். திரை கறுத்தது, ஓடை நின்றது, கூரையில் மழை மட்டும் மிச்சமிருந்தது. வதனி நிறுத்தவில்லை. கறுத்த திரையைப் பார்த்தபடி, மெதுவாக இழுத்து நீளமாக விட்டுக்கொண்டு, அவள் இன்னும் கீழேதான் இருந்தாள். தோளைத் தட்டி மேலே கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.